மூன்றாவது பெட்டி

அந்த ஒற்றைப் பெட்டியை மூன்றாகப் பிரித்தது நான்தான். பிரிக்கச் சொன்னது வேறு ஆள். ஆனால் எங்கள் தொழிலில் சொன்னவர் பெயர் எங்கும் பதிவாகாது. செய்தவர் பெயர்தான் நிரலின் ஒவ்வொரு வரி ஓரத்திலும் தேதியோடு உட்கார்ந்திருக்கும்.

மருத்துவமனைகளுக்கும் பள்ளிகளுக்கும் இணையப் படிவங்கள் செய்து கொடுக்கும் சின்ன நிறுவனம் எங்களுடையது. பதினோரு பேர், ஒரே மாடி, ஒரே ஏசி, அதுவும் மேலாளர் தலைக்கு மேலே. அவருக்கு நாங்கள் வைத்த பெயர் பெட்டிக்காரர். எதைக் கொண்டுபோய்க் காட்டினாலும், "இது பெட்டி பெட்டியா வந்தா பாக்க அழகா இருக்குமே" என்பார். பார்க்க அழகாக இருந்தால் போதும், அந்த மனிதருக்கு வயிறு நிறைந்துவிடும்.

போன வருடம் எங்களிடம் வந்தது ஒரு செவித்திறன் மையம். பிறவியிலேயே காது கேட்காத குழந்தைகளுக்குக் காதுக்குள் கருவி வைக்கும் அறுவை சிகிச்சையை அங்கே இலவசமாகச் செய்கிறார்கள். நான்கு வயது முடிவதற்குள் செய்துவிட வேண்டும் என்பது அவர்கள் விதி. அதற்குமேல் போனால் சத்தம் கேட்டாலும் பேச்சு வருவது கஷ்டமாம். இணையத்தில் பதிய வேண்டும், வரிசையில் காத்திருக்க வேண்டும், முறை வரும்போது அவர்களே தொலைபேசியில் கூப்பிடுவார்கள். மூன்று நாள், நாளுக்கு ஒரு தடவை. கிடைக்கவில்லை என்றால் அடுத்த குழந்தைக்குப் போய்விடுவார்கள். "நாங்கள் அழைப்போம், நீங்கள் அழைக்க வேண்டாம்" என்று படிவத்தின் கடைசியில் ஒரு வரி இருக்கும். அதைத் தட்டச்சு செய்ததும் நான்தான்.

அவர்களுடைய பழைய காகிதப் படிவத்தில் தொலைபேசி எண்ணுக்கு மூன்று கட்டங்கள். முதலில் மூன்று இலக்கம், அப்புறம் மூன்று, கடைசியில் நான்கு. பெட்டிக்காரர் அதைப் பார்த்துச் சொக்கிப்போனார்.

"காகிதத்துல இருக்கற மாதிரியே திரையிலயும் வரணும். ஒரு பெட்டி நிறைஞ்சதும் கர்சர் தானா அடுத்ததுக்குத் தாவணும்."

"சார், ஒரே பெட்டி போதும். பத்து இலக்கத்தை அடிக்கப் போறாங்க, அவ்வளவுதானே."

"நீங்க எப்பவுமே வேலையைக் குறைக்கத்தான் பாப்பீங்க."

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வந்தது. வேலையைக் குறைக்கிறவளா நான், செய்து காட்டுகிறேன் பார் என்று இடத்துக்குத் திரும்பினேன். ஒரு மனிதர் கிண்டலாகச் சொன்ன ஒரு வாக்கியத்துக்கு ரோஷப்பட்டு உட்கார்ந்து செய்த வேலை அது.

படிவம் கட்ட நாங்கள் பயன்படுத்தும் ஃபிரேம்வொர்க் என்ற நிரல்தொகுப்பில் பெயருக்கு, தேதிக்கு, மின்னஞ்சலுக்கு என்று தயார்நிலையில் பெட்டிகள் இருக்கும். அதில் இல்லாததை நாமே கட்டிக்கொள்ளலாம். பல பெட்டிகள் சேர்ந்த ஒரே ஃபீல்டு வேண்டுமென்றால் இரண்டு சமாச்சாரம் எழுதித்தர வேண்டும். பெட்டிகளில் வந்ததையெல்லாம் ஒன்றாக அமுக்கி உள்ளே அனுப்ப ஒரு ஃபங்ஷன், உள்ளே கிடப்பதை மறுபடி பெட்டிகளுக்குப் பிரித்துக் கொடுக்க இன்னொன்று. நான்கு நாள் உட்கார்ந்து கட்டினேன். கர்சர் தாவியது. பின்னால் அழித்தால் முந்தின பெட்டிக்குத் திரும்பவும் தாவியது. அதை யாரும் கேட்கவில்லை, நானாகச் செய்தேன்.

மூன்று பெட்டிக்கும் என்ன வகை கொடுப்பது என்று வந்தபோதுதான் கெட்டிக்காரத்தனம் செய்தேன். எழுத்து வகை கொடுத்தால் யாராவது அதில் 'இல்லை' என்று அடித்துவைப்பார்கள், அதைத் தடுக்கத் தனியாக நான்கு வரி எழுத வேண்டும். எண் வகை கொடுத்தால் ஃபிரேம்வொர்க்கே தடுத்துவிடும், பிழைச் செய்தியையும் அதுவே காட்டிவிடும். எண் என்றே கொடுத்தேன். நான்கு வரி மிச்சம். என் எண்ணை அடித்துச் சோதித்தேன், அப்படியே உள்ளே போனது. பெட்டிக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "இதைத்தான் சொன்னேன்" என்று தோளைக் குலுக்கிக்கொண்டு போனார்.

செய்ததையெல்லாம் சோதித்துப் பிழை தேடும் எங்கள் டெஸ்டரை நாங்கள் நோண்டி என்போம். அவளுக்கும் தெரியும், அந்தப் பெயரையே எழுதித் தன் மேசையில் ஒட்டியிருக்கிறாள். மறுநாள் காலையில் டீ கோப்பையோடு என் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"ஏய், மூணாவது பெட்டியில நாலு சைபர் போட்டேன். உள்ளே ஒரே ஒரு சைபர்தான் போயிருக்கு."

"நாலு சைபர்ல முடியற நம்பர் யாருக்கு இருக்கு? உன் மாமியாருக்கா?"

"இருந்தா?"

"இருந்தா அவங்களே வந்து சொல்லட்டும். நோண்டாம போயேன்."

அவள் போய் முறைப்படி டிக்கெட் போட்டாள். பிழையை எழுதிப் பதிவு செய்வதற்கு எங்கள் அலுவலகத்தில் டிக்கெட் என்று பெயர். அதை யாருக்குப் போடுகிறோமோ அவர் சரிசெய்து மூட வேண்டும், இல்லை காரணம் சொல்லி மூட வேண்டும். நான் காரணம் சொல்லி மூடினேன். 'நிஜத்தில் யாருடைய எண்ணும் இப்படி இருக்காது' என்று எழுதினேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. எண் வகைக்கு முன்னால் நிற்கும் சைபர் கணக்கில்லை, சைபரில் ஆரம்பிக்கிற எந்தப் பெட்டிக்கும் இதே கதிதான் என்று யோசிக்க அந்த ஒரு நிமிடம் தாராளமாகப் போதும்.

படிவம் வெளியான வாரம் அக்காவைப் பதியச் சொன்னதே நான்தான். அக்கா என்னைவிட ஆறு வயது மூத்தவள். வீட்டின் முன்னறையில் தையல் கடை. மாமா லாரி ஓட்டுகிறார், மாதத்தில் பாதி நாள் சாலையில்தான். மகளுக்கு அப்போது மூன்று வயதும் மூன்று மாதமும். வாண்டு என்றுதான் கூப்பிடுவோம், கூப்பிட்டால் திரும்பமாட்டாள் என்று தெரிந்தே கூப்பிடுவோம். அக்கா தைக்கும்போது மேசைமேல் உள்ளங்கையைப் பரப்பி வைத்துக்கொண்டு நிற்பாள். மெஷின் ஓடினால் சிரிப்பாள், நின்றால் முறைப்பாள்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெட்டிப்போட்ட துணிகளை ஒதுக்கிவிட்டு என் மடிக்கணினியை மேசையில் வைத்தேன்.

"நீயே போட்டுடேன்டி. எனக்கு இதெல்லாம் கை வராது."

"நான் தொடமாட்டேன். என் அக்காவுக்கே நான் போட்டுக் கொடுத்தா, மத்தவங்களுக்கெல்லாம் யார் போட்டுக் கொடுப்பா? நீ போடு. எங்கயாவது கஷ்டமா இருந்தா சொல்லு, அதை மாத்தறேன்."

அவள் ஒரே விரலால் தேடித் தேடி அடித்தாள். வாண்டின் பெயர், பிறந்த தேதி, முகவரி. தொலைபேசி எண் வந்தது. முதல் பெட்டி நிறைந்ததும் கர்சர் தாவியது.

"அட, தானாத் தாவுதுடி!"

"நான் செஞ்சது."

"பெரிய ஆளுதான் போ. இந்த மெஷினும் இப்படி ஒரு கை முடிஞ்சதும் அடுத்த கைக்குத் தாவினா எப்படி இருக்கும்!"

நான் பக்கத்திலேயே, தோளோடு தோள் உரச உட்கார்ந்திருந்தேன். கர்சர் சரியாகத் தாவுகிறதா என்று கண் கொட்டாமல் பார்த்தேன். அவள் அடித்த எண்ணைப் பார்க்கவில்லை. அவள் எண் எனக்கு எதற்கு? என் ஃபோனில் 'அக்கா' என்று இருக்கிறது, அதைத் தொட்டால் பேசுவாள். 'விவரங்கள் பதிவாகின' என்று பச்சையில் வந்தது. அதற்குக் கீழே அவள் அடித்த எண் ஓர் இலக்கமும் குறையாமல் நின்றது. அந்தப் பக்கம் அடித்ததைத்தான் திருப்பிக் காட்டும், உள்ளே சேர்ந்ததை அல்ல. இதுவும் எனக்குத் தெரிந்த விஷயம்தான்.

அன்றிலிருந்து அக்கா ஃபோனைப் பிரியவில்லை. சத்தத்தை முழுதாக ஏற்றி, அதிர்வையும் போட்டு, தையல் மேசையிலேயே வைத்திருந்தாள். குளிக்கப் போனால் ஜன்னல் விளிம்பில் ஃபோன். அழைப்பு வந்தால் முதலில் தெரிவது வாண்டுக்குத்தான். மேசையில் வைத்த கைக்கு அந்த அதிர்வு வேறு மாதிரி தெரியும்போல, உடனே எடுத்துக்கொண்டு அம்மாவிடம் ஓடுவாள். கடன் வேண்டுமா என்று கேட்கிறவனாகவோ, பிளவுஸ் தயாரா என்று கேட்கிறவளாகவோ இருக்கும். அக்கா எல்லோரிடமும் முதல் இரண்டு வார்த்தை மரியாதையாகப் பேசுவாள்.

ஆறாவது மாதம் நேரிலேயே போய்க் கேட்டுவிட்டு வந்தாள். "ஃபோன் வரும்மா, இங்க வந்து நின்னா வரிசை நகராது" என்று முன்வாசலிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதற்கும் அவளைத்தான் திட்டினேன்.

"அதான் எழுதியிருக்கே, நாங்களே கூப்பிடுவோம்னு. படிக்கத் தெரியாதா உனக்கு?"

"கோவிச்சுக்காதடி. உன் கம்பெனிதானே, உள்ளே போய் எத்தனாவதுல இருக்குன்னு ஒரு தடவை பாரேன்."

"நானூறு குழந்தைங்க நிக்குது அந்த வரிசையில. என் அக்கான்னு எட்டிப் பாத்தா அதுக்குப் பேரு என்ன?"

"எட்டிப் பாக்கத்தான் சொன்னேன். முன்னாடி தள்ளவா சொன்னேன்?"

குரலை உயர்த்தினேன். நியாயம், ஒழுங்கு, எல்லோருக்கும் ஒரே விதி என்று பெரிய பிரசங்கமே செய்தேன். அவள் காஜா எடுக்க ஆரம்பித்தாள். நான் யோக்கியமானவள் என்ற நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

வாண்டுக்கு நான்கு வயது முடிந்த அன்று அக்கா ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "பதிஞ்ச தேதியைத்தானே கணக்குல எடுப்பாங்க?" ஆமாம், அப்படித்தான் இருக்கும் என்றேன். யாரிடமும் கேட்டுச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னேன்.

அதற்குப் பத்தொன்பது நாள் கழித்து, காலையில் நோண்டி வந்து நின்றாள். கையில் டீ இல்லை.

"செவி மையத்துல ஃபோன் பண்றவர் மாறியிருக்கார். புதுசா வந்தவர் கேக்கறார், சில நம்பர்ல ஒன்பது இலக்கம்தான் இருக்கு, எப்படிப் போடறதுன்னு."

மையத்தின் பட்டியலைத் திறந்தேன். நாற்பத்தொரு பதிவுகள். பழைய ஆள் ஒன்பது இலக்கத்துக்கே விதிப்படி மூன்று நாள் ஃபோன் போட்டிருக்கிறார், மூன்று நாளும் 'எண் தவறு' என்று எழுதியிருக்கிறார், மூடியிருக்கிறார். முகவரி பக்கத்துக் கட்டத்திலேயே இருந்தது. கடிதம் போடுவது விதியில் இல்லை. அந்த நாற்பத்தொன்றில் முறை வந்து மூடப்பட்டவை பதினேழு. பட்டியலை உருட்டிக்கொண்டே போனேன். பன்னிரண்டாவதாக வாண்டின் பெயர்.

முறை வந்தது பதிந்த ஏழரை மாதத்தில். நான்கு வயது முடிய அப்போது ஒன்றரை மாதம் மீதி இருந்தது.

ஃபோனை எடுத்து 'அக்கா'வைத் தொடாமல், அதற்குள்ளே போய் எண்ணைப் பார்த்தேன். எத்தனையோ வருடத்தில் அன்றுதான் முதல் தடவையாகப் பார்த்தேன். கடைசி நான்கு இலக்கம் 0472. பட்டியலில் 472.

நோண்டி தன் திரையில் பழைய டிக்கெட்டைத் திறந்தாள், நான் எழுதியதைப் படித்தாள், மூடினாள். நன்றாக நான்கு வார்த்தை திட்டியிருந்தால் அவள் காலில் விழுந்திருப்பேன்.

திருத்தத்துக்குப் பதினோரு நிமிடம் ஆனது. எண் வகையை எழுத்து வகையாக்கி, அன்று மிச்சம் பிடித்த நான்கு வரியை எழுதி, பழைய பதிவுகளில் சைபரைத் திரும்ப வைத்தேன். பதினோரு மணிக்கு மையத்தோடு கூட்டம். பதினேழு பேரில் வயது இருக்கும் பதினொரு குழந்தைகளை வரிசையின் முன்னால் சேர்த்துக்கொள்வதாக அந்தப் பக்கத்து ஒருங்கிணைப்பாளர் அம்மா திரையில் சொன்னார். மற்ற ஆறு குழந்தைகளுக்கு ஒன்றும் செய்ய முடியாதாம்.

"பத்தொன்பது நாள்தான் தாண்டியிருக்கு, ஒரு குழந்தைக்கு" என்றேன்.

"ஒருத்தருக்குத் தளர்த்தினா எல்லாருக்கும் தளர்த்தணும்மா. விதி எல்லாருக்கும் ஒண்ணுதானே" என்றார். அக்காவிடம் நான் சொன்ன அதே வாக்கியம்.

அவர் போன பிறகு, மையத்தில் ஃபோன் போடுகிறவர் அந்த ஆறு பேரிடம் என்ன சொல்ல வேண்டும் என்று பெட்டிக்காரர் எழுதிக்கொடுத்தார். 'நீங்கள் பதிந்த எண் சரியாக இல்லாததால் உங்களைத் தொடர்புகொள்ள இயலவில்லை.'

"சார், அவங்க சரியாத்தான் பதிஞ்சாங்க. நாமதான்..."

"நாமன்னா யாரு? அந்த வரி ஓரத்துல யார் பேர் இருக்கு? டிக்கெட்டை மூடினது யாரு? உங்க பேரைப் போட்டே சொல்லச் சொல்லிடவா?"

அறையில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். பேரைப் போடுங்கள் என்று சொல்லியிருக்கலாம். இரண்டே சொல். மென்று முழுங்கினேன். நாலு மணிக்கு அழைப்புகள் ஆரம்பம் என்றார், கூட்டம் முடிந்தது.

தலைவலி என்று சொல்லிவிட்டு மூன்று மணிக்குக் கிளம்பினேன். அக்காவுக்கு அந்தக் குரல் சொல்வதற்கு முன்னால் நான் சொல்லிவிட வேண்டும். பேருந்தில் வாக்கியத்தை நான்கு விதமாகக் கட்டிப் பார்த்தேன். நான்கிலும் எப்படியோ பெட்டிக்காரர்தான் குற்றவாளியாக வந்தார்.

அக்கா பள்ளிச் சீருடைகளுக்கு விளிம்பு அடித்துக்கொண்டிருந்தாள். வாண்டு மேசையில் கை பரப்பி நின்றாள்.

"என்னடி, இந்த நேரத்துல? வேலையை விட்டுத் துரத்திட்டாங்களா?"

"சும்மாதான்."

"மூஞ்சியைப் பாத்தா சும்மா மாதிரி தெரியலையே. தண்ணி குடி முதல்ல."

குடித்தேன். இன்னொரு டம்ளர் கேட்டேன். சீருடைத் துணி நன்றாக இருக்கிறது என்றேன், நீலமா கறுப்பா என்றேன். அவள் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். சுவர்க் கடிகாரத்தில் மணி நான்கு ஆக ஐந்து நிமிடம் இருந்தது, அப்புறம் நான்கைத் தாண்டி ஏழு நிமிடம் ஆனது. "அக்கா, ஒரு விஷயம்" என்று ஆரம்பித்தேன். வாண்டின் கை மேசையிலிருந்து எழுந்தது. ஃபோனை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு அம்மாவிடம் ஓடினாள்.

அக்கா திரையைப் பார்த்தாள். மையத்தின் எண் படிவத்தின் தலைப்பில் இருந்தது. அவள் ஒன்பது மாதமாக அதை மனப்பாடமாக வைத்திருந்தாள்.

"அவங்கதான்டி! அவங்கதான்! நீ வந்த நேரம் பாரு!" குழந்தையை இடுப்பில் வாரித் தூக்கிக்கொண்டாள். என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"அக்கா, எடுக்காதே. நான் முதல்ல..."

எடுத்துவிட்டாள். "வணக்கங்க, சொல்லுங்க" என்றாள். "ஆமாங்க" என்றாள். "இல்லீங்க, நான் சரியாத்தான்..." என்றாள். நடுவில் வாண்டு அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். "சரிங்க. ரொம்ப நன்றிங்க" என்று அக்கா ஃபோனை வைத்தாள். நன்றி சொன்னாள் அந்தக் குரலுக்கு.

குழந்தையைக் கீழே இறக்கிவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"நம்பரைத் தப்பாப் போட்டுட்டேனாம். மூணு தடவை கூப்பிட்டாங்களாம்." தன் வலது கை விரலைத் தூக்கிப் பார்த்தாள். "எனக்குக் கை வராதுன்னு அன்னைக்கே சொன்னேன்ல." சொல்லிவிட்டு அந்தக் கையாலேயே தலையில் அடித்துக்கொண்டாள். இரண்டாவது தடவை அடிக்கும்போது நான் பிடித்துக்கொண்டேன்.

அப்போது சொன்னேன். எண் வகை, எழுத்து வகை, சைபர், நோண்டி, டிக்கெட், காலையில் கூட்டத்தில் நான் வாயை மூடிக்கொண்டது வரை எல்லாம் சொன்னேன். அவளுக்குப் பாதி புரிந்திருக்காது. தேவையான பாதி புரிந்தது. கத்துவாள் என்று காத்திருந்தேன். அவள் கையை என் பிடியிலிருந்து மெதுவாக உருவிக்கொண்டாள்.

"யாருக்கும் அப்படி நம்பர் இருக்காதுன்னு எழுதினியா?"

"ஆமா."

"என் நம்பர் உனக்குத் தெரியாதா?"

நான் மேசைமேல் கிடந்த அவள் ஃபோனைப் பார்த்தேன்.

"பக்கத்துலதானேடி உக்காந்திருந்தே" என்றாள். மெஷினுக்குத் திரும்பி விளிம்பு அடிக்க ஆரம்பித்தாள். வாண்டு கையை மேசையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தாள். சித்தி வந்திருக்கிறேன் அல்லவா.

இது நடந்து நான்கு மாதமாகிறது. வேலையை விட்டுவிட்டேன். மையத்துக்கு என் பெயரைப் போட்டே கடிதம் எழுதினேன், அந்த ஆறு குடும்பத்திடமும் தப்பு யாருடையது என்று சொல்லச் சொல்லி. பதில் வரவில்லை. வாண்டு சைகை மொழி வகுப்புக்குப் போகிறாள் என்று மாமா சொன்னார். அக்காவின் எண் இப்போது எனக்கு மனப்பாடம். பெயரைத் தொடுவதில்லை, பத்து இலக்கத்தையும் ஒவ்வொன்றாக அடிக்கிறேன். சரியாகத்தான் போகிறது, மணியும் அடிக்கிறது. மேசையில் கை வைத்திருப்பவள் எடுத்துக்கொண்டு ஓடியிருப்பாள். அக்கா எடுப்பதில்லை.